எண்ணெய் நிறுத்திய நாற்பத்திரண்டு நாட்கள்

செப்டம்பர் 1, ஞாயிறு

மதினியைப் பார்க்க இன்று விருதுநகர் வீட்டுக்கு ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆளுக்கொரு பெருமூச்சு. மதினி ஜெயக்கனிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து இரண்டு மாதம் ஆகிறது. நான்கு கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு, அதன்பிறகு ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஒன்று முடிந்தது, இரண்டாவது நாளைக்கு. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மதினியே எல்லாருக்கும் காபி போட்டார். நான் போடுகிறேன் என்றதற்கு, "நீ போட்டா வந்தவுக மறுபடி இந்தப் பக்கமே வரமாட்டாக" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியப்பா, "நீ அஞ்சு வருஷமா மதுரையில என்னதாம்மா படிக்கிற?" என்று கேட்டார். இந்த வீட்டில் ஒருவர் என்னிடம் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. விடுவேனா.

"ஒரு கேன்சர் செல்லு ரெண்டாகணும்னா புதுசா மேல்சுவர் வேணும் பெரியப்பா. அந்தச் சுவர் கொழுப்பால ஆனது. மத்த செல்லுங்க பெரும்பாலும் ரத்தத்துல வர்ற கொழுப்ப வாங்கிக்கும். இது அவசரக்காரப் பய. தனக்கு வேண்டிய கொழுப்பச் செய்யறதுக்கு உள்ளயே ஒரு என்சைம் வச்சிருக்கு. நாங்க லேப்ல அதக் கொத்தனார்னு சொல்லுவோம். ரெண்டு ரெண்டு கார்பனா எடுத்து வச்சுப் பதினாறு வரைக்கும் கட்டும். அந்தக் கொத்தனார் கையக் கட்டிப்போட ஒரு மருந்த வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கேட்பவர்கள் தலையாட்டினால் எனக்கு வாய் நிற்காது. "மொத்தத்துல, கொழுப்பு கிடைக்கலேன்னா கேன்சரால வளரவே முடியாது" என்று அடித்துச் சொல்லி முடித்தேன். என் அண்ணன் செல்வபாண்டி அதைச் செல்போனில் வீடியோ எடுத்து உடனே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

நான் கிளம்பும்போது அண்ணன் வாசல் வரை வந்து, "சாத்தூர்க்காரங்கள இப்ப வர வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ படிச்சு முடி" என்றார். எனக்கு முப்பத்தொரு வயதாகிறது, ஆய்வில் இன்னும் ஏழெட்டு மாத வேலை பாக்கி இருக்கிறது, சாத்தூர் மாப்பிள்ளையோடு தை பிறந்தால் கல்யாணம் என்று நின்ற மனிதர். நம்பமுடியாமல் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். நன்றாகத்தான் பேசியிருக்கிறேன்.

செப்டம்பர் 2, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டாவது கீமோ. மதினி எடை 58. நரம்பு கிடைக்கவில்லை என்று நர்ஸ் மூன்று இடத்தில் குத்தினார். "தையல் கிளாஸ் போயிருக்கியாம்மா?" என்று மதினி கேட்டார்.

செப்டம்பர் 5, வியாழன்

புதிய செட் போட்டேன். மார்பகப் புற்று செல்களுக்கு நாங்கள் ஊற்றும் சாப்பாட்டில் சீரம் என்று ஒன்று உண்டு. கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அதில் கொழுப்பு இருக்கிறது. அப்படியே ஊற்றினால் என் மருந்து பாதிதான் வேலை செய்கிறது. கொத்தனாரின் கையைக் கட்டினாலும் செல் வெளியிலிருந்து கொழுப்பை எடுத்துச் சமாளித்துக்கொள்கிறது. அதனால் கொழுப்பை நீக்கிய சீரம் வரவழைத்து, அதில் மருந்து போட்டால் செல்கள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன. ஹெப்சிபா மேடம் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றார். எங்கள் கைடு வாயிலிருந்து இந்த அளவு வருவதே அபூர்வம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். இட்லிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து வைத்திருந்தார்கள். சாம்பாரில் தாளிப்பு இல்லை. தேங்காய், முட்டை, மீன், நிலக்கடலை, தயிர் எதுவும் வீட்டில் இல்லை. அண்ணன் வைத்திருப்பது நல்லெண்ணெய்க் கடை. அவர் சட்டையை முகர்ந்தாலே பசிக்கும். அந்த வீட்டில் எண்ணெய்த் தூக்கைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"ஒரு சொட்டு சேக்கல" என்றார் அண்ணன். "ரெண்டாந்தேதியில இருந்து நிப்பாட்டிட்டேன். அவ தட்டப் பாத்துட்டுத்தான் குடுக்கேன். நீ சொன்ன மாதிரி அதப் பட்டினி போட்டுச் சாகடிச்சிருவோம்."

சரி என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எப்படியும் கீமோ எடுப்பவர்களுக்கு வாய்ப்புண் இருக்கும், காரமும் எண்ணெயும் ஒத்துக்கொள்ளாது.

செப்டம்பர் 11, புதன்

செல் வளர்த்த இரண்டு தட்டில் பூஞ்சை. தூக்கிப் போட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வீட்டுக்குப் போகவில்லை. செல்களுக்குச் சாப்பாடு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு அரை மணி நேரம்தானே, சாயங்காலம் போய்விட்டு வரலாமே என்று லேப் சிநேகிதி ரஷீதா கேட்டாள். துணி துவைக்க வேண்டும் என்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

மூன்றாவது கீமோ. கட்டி 3.4 சென்டிமீட்டரிலிருந்து 2.1 ஆகிவிட்டது. மருந்து கேட்கிறது என்று டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். எடை 54.5. "எடை எறங்குது, பாத்துக்கங்க, நல்லாச் சாப்பிடணும்" என்றார். நல்லாச் சாப்பிடுறா என்று அண்ணன் சொன்னார்.

வெளியே வந்ததும், "பாத்தியாத்தா, 2.1. எண்ணெய நிப்பாட்டின மூணு வாரத்துல" என்று என் தலையில் கை வைத்தார். அப்பா செத்ததிலிருந்து அண்ணன் என் தலையில் கை வைத்ததில்லை. அது கீமோவின் வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் அவரிடம் அதை எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 29, ஞாயிறு

போனேன். மதினி கஞ்சியும் அவித்த காயும் சாப்பிடுகிறார். இளநீர், குளுக்கோஸ் தண்ணீர். பக்கத்து வீட்டில் வடை சுட்டார்கள். "அந்த ஜன்னலச் சாத்து" என்றார். சாத்தினேன். வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது.

என்னோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடவில்லை. பதினாறு வருஷமாக நாங்கள் எதற்குமே ஒத்துப்போனதில்லை. துணி காயப்போடும் கொடியில் கூட எல்லை பிரித்து வைத்திருக்கிறோம். இன்று ரிமோட்டை அவரே என் பக்கம் தள்ளினார். எனக்கு அது பிடிக்கவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் அண்ணனுக்கு ஒரு மெசேஜ் அடித்தேன்: "கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்." திருமங்கலம் வரும்போது அழித்துவிட்டேன். டயட்டீசியன் என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் இருப்பார், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஹெப்சிபா மேடம் என் படங்களை எல்லாம் விரித்துப் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கொழுப்பில்லாத சீரம், மருந்தும் இல்லை. அந்தத் தட்டு எங்க?"

அதைப் போடவில்லை. கொழுப்பும் இல்லை, மருந்தும் இல்லை என்றால் என்ன ஆகும் என்று பார்க்கத் தோன்றவே இல்லை. சாகும் என்று வைத்துக்கொண்டேன்.

"வச்சுக்கிட்டியா, பாத்தியா?" என்றார் மேடம்.

அக்டோபர் 9, புதன்

பார்த்தேன். சாகவில்லை. இரண்டு நாள் சோர்ந்து கிடந்தன, மூன்றாம் நாளிலிருந்து பெருகத் தொடங்கிவிட்டன. செல்களை உடைத்து அந்த என்சைம் எவ்வளவு இருக்கிறது என்று ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், சாதாரணச் சீரத்தில் இருந்ததைப் போல மூன்று மடங்கு. அளவைக் காட்டும் கறுப்புப் பட்டை அப்படித் தடித்திருக்கிறது. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இரண்டாவது தடவையும் ஓட்டினேன். அதே.

"வெளியில கொழுப்பு கிடைக்கலேன்னா இதுக்கென்ன வந்துச்சு?" என்றார் மேடம். "கூடுதலா ஆள் போட்டு உள்ளயே செஞ்சுக்கும். சர்க்கரை இருந்தா போதும்."

மருந்து கொத்தனாரின் கையைக் கட்டினால்தான் செல் சாகும். சாப்பாட்டை நிறுத்தினால் சாகாது. தட்டு வேறு, மனித உடம்பு வேறு. தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வேட்டில் இதை ஒரு பத்தியாக எழுத வேண்டும்.

கஞ்சி முழுக்க மாவுச்சத்து. குளுக்கோஸ் தண்ணீர் என்பது சர்க்கரை.

அக்டோபர் 11, வெள்ளி

லேபில் ஆயுத பூஜை. மைக்ராஸ்கோப், சென்ட்ரிஃப்யூஜ், ஃப்ரீசர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஹெப்சிபா மேடம் பொட்டு வைக்க விட்டுவிடுவார், ஆனால் செல் வளர்க்கும் அறைக்குள் மட்டும் யாரும் பூவோடு நுழையக்கூடாது. சுண்டலில் எண்ணெய் பளபளத்தது. நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். கடையில் பூஜை, சத்தம். "என்னத்தா?" என்றார். சும்மா என்றேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நேரிலேயே சொல்லிவிடலாம்.

அக்டோபர் 14, திங்கள்

எடை 49.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "ஆறு வாரத்துல ஒம்பது கிலோ. ரத்தத்துல புரதம் எறங்கிருச்சு, வெள்ளை அணுவும் எறங்கிருச்சு. இந்த ஒடம்புல இன்னிக்கு மருந்து ஏத்தினா ஆபத்து. ரெண்டு வாரம் தள்ளிப்போடுறேன். அதுக்குள்ள கட்டி திரும்ப வளராம இருக்கணும். என்னதான் சாப்பிடுறாங்க?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு சொட்டு எண்ணெ சேக்கல டாக்டர். முட்டை, கறி, தேங்கா எதுவும் கிடையாது. எந்தங்கச்சி கேன்சர்லதான் ஆராய்ச்சி பண்றா. அவ சொல்லித்தான்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"நான் அப்படிச் சொல்லல" என்றேன்.

எழுத வேண்டுமே என்று எழுதுகிறேன். அதைத்தான் சொன்னேன்.

அண்ணனுக்குப் புரியவில்லை. போனை எடுத்து வீடியோவைத் தேடி ஓடவிட்டார். என் குரல் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. கொழுப்பு கிடைக்கலேன்னா கேன்சரால வளரவே முடியாது. டாக்டரம்மா சத்தம் போடவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "அந்த என்சைம் செல்லுக்குள்ள இருக்குங்க. சாப்பாட்டுல எண்ணெய நிறுத்துனா அது பட்டினி கெடக்காது. இவங்கதான் பட்டினி கெடப்பாங்க" என்று அண்ணனிடம் பொறுமையாகச் சொன்னார்.

அண்ணன் கைகூப்பி, "தங்கச்சி சரியாத்தான் சொல்லியிருக்கும் டாக்டர். படிக்காத பய, நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்" என்றார்.

நான் அவரை அப்படிச் சொல்ல விட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

லேபுக்கு லீவு சொல்லிவிட்டு நேற்றே விருதுநகர் வந்துவிட்டேன். காலையில் அண்ணன் கடைக்குப் போனதும் தோசைக்கு எண்ணெய் விட்டேன். அது கல்லில் சத்தம் போட்டபோது மதினி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு தோசை சாப்பிட்டார். பிறகு தலையணை உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து, "இத அடுப்புல போட்டுரு" என்றார்.

முதல் கீமோ அன்று டயட்டீசியன் கொடுத்த தாள். தினம் இரண்டு முட்டை, மீன், நிலக்கடலை, நான்கு ஸ்பூன் எண்ணெய் என்று தமிழில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"தெரியுமா ஒங்களுக்கு?"

"மொத நாளே தெரியும். அந்தப் புள்ள எனக்குப் படிச்சே காட்டுச்சு. ஒங்கண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தாக."

"பின்ன ஏன் மதினி வாயத் தொறக்கல?"

"தொறந்தா என்ன ஆகும்? நீ சொன்னது தப்புன்னு ஆகும். நீ பேசின அன்னிக்குத்தான சாத்தூர்க்காரங்கள வேண்டாம்னாக. அடுத்த நாளு எண்ணெய நிப்பாட்டினாக. ஒம்பேச்சு பொய்யின்னு போனா ஒம்படிப்பும் போயிரும். நாலு கீமோதான, தாங்கிருவோம்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகை வருவதற்குப் பதிலாக எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். "உங்களுக்குக் கிறுக்கா? யாரு கேட்டா ஒங்கள?" என்று கத்தினேன்.

"கத்தாத. நீ கல்யாணம் ஆகி சாத்தூருக்குப் போனா வாராவாரம் இங்க வந்து நிப்ப. ஒங்கிட்ட யாரு சண்டை போட? நீ மதுரையில படிச்சுக்கிட்டு இருக்கதுதான் எனக்கு நல்லது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கண்ணன்கிட்ட இத மட்டும் சொல்லிராத. அவுக கையால குடுத்த கஞ்சி."

தாளை எரித்தேன். பிறகு கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன். எனக்கு மதினியை அவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே தெரியாது.

அக்டோபர் 18, வெள்ளி

அண்ணன் இப்போது அயிரை மீன் வாங்கி வருகிறார், அவரே ஆய்கிறார், அவரே குழம்பு வைக்கிறார். உப்பு கூடிவிடுகிறது. என்னிடம் சாதாரணமாகப் பேசுகிறார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், அவர் குழம்பைக் கிளறுவார்.

அக்டோபர் 21, திங்கள்

எடை 50.6.

அக்டோபர் 24, வியாழன்

லேபில் அரை நாள். அந்தத் தட்டின் முடிவை மேடத்திடம் எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியில் "உறுதியாகிறது" என்று போட்டிருந்தேன். அடித்துவிட்டு "தட்டில் காணப்பட்டது" என்று அவர் திருத்தினார். அதோடு விடாமல், "யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஒரு மாசமா ஆளே சரியில்ல" என்று கேட்டார். சொன்னேன், எல்லாவற்றையும். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்கிட்டச் சொல்லிட்ட. சொல்ல வேண்டிய ஆளு நான் இல்லையே" என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

எடை 52. கட்டி 2.5. கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, ஆனாலும் இன்று ஏற்றலாம், ஆபரேஷன் முன்பு சொன்னதை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்றார் டாக்டரம்மா. 2.1 எங்கே, 2.5 எங்கே. அந்த நான்கு மில்லிமீட்டர் அந்த இரண்டு வாரத்தில் வந்தது. அந்த இரண்டு வாரம் என்னால் வந்தது.

மதினியை உள்ளே படுக்க வைத்து மருந்தை மாட்டியதும் அண்ணனும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். காலை பதினொரு மணி, கூட்டம். இனிமேல் தள்ளிப்போட எனக்கு மீன் குழம்பு எதுவும் இல்லை.

"அண்ணே, நீங்க தப்பா வெளங்கிக்கல. நாந்தான் தப்பாச் சொன்னேன். நீங்க எண்ணெய நிப்பாட்டினது செப்டம்பர் எட்டாந்தேதியே எனக்குத் தெரியும். அது தப்புன்னும் அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும். டாக்டரம்மா முன்னால சொல்லலன்னு சொன்னேன் பாருங்க, அதுவும் பொய்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"நான் பேசினதக் கேட்டுத்தான நீங்க சாத்தூர்க்காரங்கள வேண்டாம்னீங்க. பேசினது தப்புன்னு தெரிஞ்சா படிப்பு போயிரும்னு பயம்."

இரண்டு டோக்கன் நம்பர் கூப்பிட்டு முடித்தார்கள். "கிறுக்கச்சி" என்றார் பிறகு. "நீ பேசினது ஞாயித்துக்கெழம. நான் சாத்தூருக்குப் போன் போட்டுச் சொன்னது சனிக்கெழம. ஜெயக்கனிதான். வியாதின்னு தெரிஞ்ச நாள்ல இருந்து ஒரே புடி. அவ படிப்ப முடிக்கட்டும், நான் நல்லா இருக்கும்போதே முடிக்கட்டும்னு. சரின்னேன்னு தெரிஞ்சா இன்னும் தலையில ஏறுவான்னு அவகிட்டச் சொல்லிக்கிடல."

வீடியோவுக்கு முந்தின நாளே முடிந்துபோன விஷயம். அதற்காகத்தான் அந்த மனுஷி நாற்பத்திரண்டு நாள் கஞ்சி குடித்தது.

"எத்தன மாசம் பாக்கி?" என்றார்.

"ஆறு."

"முடி. ஆனா இனிமே யாருக்கும் வைத்தியம் சொல்லாத." கர்ச்சீப்பால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெயக்கனிக்குத் தெரியுமாத்தா? எண்ணெ சாப்பிடணும்னு?" என்று கேட்டார்.

"தெரியாது."

"நல்லவேளை. தெரிஞ்சும் எங்கையால அந்தக் கஞ்சிய வாங்கிக் குடிச்சிருந்தான்னா, நான் எப்புடி உசுரோட இருக்க?"

அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் உள்ளே போனேன். மதினி விழித்திருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எம்பேரு வந்துச்சா?"

"வரல."

"படிப்பு?"

"படிக்கச் சொல்லிட்டாங்க."

"பாத்தியா" என்றார் மதினி. முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "நான் வாய மூடிக்கிட்டு இருந்தது வீண் போகல."

ஆமா மதினி என்றேன். டப்பாவைத் திறந்து முட்டையை உரித்துக் கொடுத்தேன். மருந்து இறங்கி முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.